ஞாயிறு பத்து மணிக்குக் கெட்டுப்போகும் போன்

மச்சான்,

உன் போன் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பேத்தியின் காதுகுத்துக்கு அழைக்க நேற்று குனோங் ராபாட்டில் உன் வீட்டுக்குத் தட்டோடு போயிருந்தேன். உன் வீட்டுக்காரி தட்டை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து இதை எடுத்துவந்தாள். "இந்தாங்கண்ணே, நீங்களே வச்சிக்கிங்க. டாப்-அப் இன்னும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். நம்பர் செத்துப்போறதுக்கு மனசு வரல" என்றாள். மேல்பாதியைக் கட்டைவிரலால் தள்ளினேன். 'டக்' என்று திறந்தது. நீ போய் ஒன்றரை வருடமாகியும் அந்தச் சத்தம் மாறவில்லை.

ஈப்போவில் இதை வாங்கிய அன்று நீ பண்ணிய அலட்டல் கொஞ்சமா? என்னிடம் இருந்தது டார்ச் விளக்கு வைத்த செங்கல் மாதிரி ஒரு போன். உன்னுடையதோ கறுப்புக் கண்ணாடி. மூடியிருக்கும்போது அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வாய். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று நாள் தாங்கும், குரலும் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும். இதையெல்லாம் நான் அப்போது ஒப்புக்கொண்டதே இல்லை. குறைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வருடத்தில் சிலைடு, அதுதான் தள்ளித் திறக்கும் அந்த மேல்மூடி, ஆடத் தொடங்கியது. தமிழில் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பேசும்போது கை தவறி மூடினால் அழைப்பு அறுந்துவிடும். எல்லாவற்றையும் விட, ஒன்று, இரண்டு, மூன்று என்ற மேல்வரிசை எண்கள் மூடியின் விளிம்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டிருக்கும். ரப்பர் வெட்டித் தடித்த உன் விரலுக்கு அவை எட்டவே எட்டாது. நகத்தை வைத்துத்தான் அழுத்துவாய்.

அந்தப் போனுக்குத்தான் என் மகன் கல்யாணத்தைச் சொன்னேன். மண்டபம், சாப்பாடு என்று ஆயிரம் வேலை. நீ நம்ம ஆள்தானே, உனக்கென்ன சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் 'டக்'. பிறகு என் மனைவியிடம் சொல்லியனுப்பினாய்: "போன்ல கூப்பிட்டா போன்தான் வரும்லா!" சொன்னபடியே நீ வரவில்லை. போடா என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

உன் கோபத்தின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் ஒரே லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். எழுபதுகளில் உன் அக்காவின் கல்யாணப் பேச்சு முழுவதும் நடுவிலிருந்த பலகைச் சுவர் வழியாக எங்கள் வீட்டில் கேட்டது. நகை முதல் ரசம் வரை எங்களுக்கு அத்துப்படி. ஆனாலும் உன் அப்பாவும் அம்மாவும் குளித்து உடுத்தி, வெற்றிலைத் தட்டோடு வாசல் வழியாகச் சுற்றி வந்து எங்களை அழைத்தார்கள்.

அதையும் விடு. அந்த மகன் பிறந்த அன்று நான் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு ஐஸ் ஆலையில் வேலையில் இருந்தேன். மனைவி ஈப்போவில் தாய்வீட்டில். பட்டப்பகலில் கொட்டும் மழையில் ஆலை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொப்பலாக நனைந்து நீ நின்றாய். "பையன்டா!" என்றாய். ஆலை ஆபீசில்தான் போன் இருக்கிறதே, இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "போன்ல சொன்னா உன் மூஞ்சிய எப்படிடா பாக்குறது?" என்றாய். அந்தப் பையனின் கல்யாணத்தைத்தான், மச்சான், நான் உனக்குப் போனில் சொன்னேன்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "ஹலோ, ஹலோ" என்றேன். பதில் இல்லை. டீக்கடைச் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ நீ பேசுவது மட்டும் கேட்டது. "அவன் மருமக தைப்பிங் பொண்ணாம். நல்ல பொண்ணுன்னு சொல்றாங்க." பிறகு 'டக்'. உன் வீட்டுக்காரியை விசாரித்தபோது, "போன் ரோசாக் அண்ணே, கெட்டுப்போச்சு. சிலைடு லூசாயிருச்சாம், பையில கெடந்து தானா கூப்பிடுதுங்கிறாரு" என்றாள். அடுத்த ஞாயிறும் வந்தது, அதற்கடுத்ததும். முட்டி வலி, மோட்டார் டயர் தேய்ந்தது, உளுந்துவடை நன்றாக இருப்பது என எல்லாச் செய்தியும் உரத்த குரலில் வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வாரம், "வடைய ரெண்டு பேரா உக்காந்து தின்னாத்தான்லா ருசி" என்று கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு, தட்டு நிறையப் பழமும் வெற்றிலையுமாக உன் வாசலில் வந்து நின்றேன். "கல்யாணம் முடிஞ்சு ஒம்பது மாசமாச்சு, இப்பத்தான் அழைக்க வாரியா?" என்று சிரித்தாய். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகும் உன் போன் திருந்தவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றபோதெல்லாம், "இதுக்கு என்னடா கொறைச்சல்?" என்று சண்டைக்கு வந்தாய். ஞாயிறுதோறும் சரியாகப் பத்து மணிக்குக் கெட்டுப்போகும் போனை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்று காலைதான் சோதித்துப் பார்த்தேன். திறந்துவிட்டுக் குலுக்கினேன், பையில் போட்டுக் குனிந்தேன், நிமிர்ந்தேன், மாடிப்படி ஏறி இறங்கினேன். போன் யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே துழாவியபோது, இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு போகும்படி நீ பதிந்து வைத்திருப்பது தெரிந்தது. இரண்டு, அந்த மேல்வரிசை எண். என் விரலுக்கும் எட்டவில்லை. நகத்தை வைத்து அழுத்திப் பிடித்தேன். மேசைமேல் என் போன் அடித்தது. திரையில் உன் பெயர் வந்தது. அழுதுவிட்டேன்டா.

நீயாகக் கூப்பிட ரோஷம் விடவில்லை. என்னை விட்டுவிடவும் மனம் வரவில்லை. பழியைத் தூக்கி ஒரு போன்மேல் போட்டு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டாய். அந்தப் பொய் இல்லையென்றால் உன்னோடு வடை தின்ற பத்துப் பன்னிரண்டு வருடங்கள் எனக்குக் கிடைத்திருக்காது.

காதுகுத்து அழைப்பை வாட்ஸப்பில் அனுப்பினால் போதும் என்கிறான் மகன். முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னும் இருபது வீடு பாக்கி இருக்கிறது. தட்டோடு நடந்துகொண்டிருக்கிறேன், முட்டி வலியோடுதான். எனக்கு மட்டும் நன்றியைக் கடிதத்தில் சொல்கிறானே என்று கோபித்துக்கொண்டு 'டக்'கென்று மூடிவிடாதே. இது வெறும் தகவல்தான். நன்றி சொல்ல நேரில் வருவேன். உன் மூஞ்சியை நானும் பார்க்க வேண்டும்லா.