மதில் அல்ல, கற்பீலி

மன்னார்
14.09.2013

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு,

மாதாவின் கிருபையால் நான் நலம், முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிரிலும் சுகமாயிருக்கத் தினமும் செபிக்கிறேன். ஒரு பழைய மதிலுக்காக ஏனம்மா கந்தோர் ஏறி இறங்குறீங்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். மகளே, நாங்கள் வென்றுவிட்டோம், அது மதிலும் அல்ல.

வீதியை அகலமாக்க இடிப்பதாகக் கந்தோர்க்காரர் ஒட்டிய அறிவித்தலிலும் "கைவிடப்பட்ட மதில்" என்றுதான் இருந்தது. ஒல்லாந்தர் கட்டியது என்று மடத்துப் பள்ளியில் எங்கள் மதர் சொல்லித் தந்தார்கள். ஆளுயரக் கல்வேலை, அதன் முதுகில் வாய்க்கால், நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கன்னியர் மடத்துத் தொட்டி வரைக்கும், அதுதான் கற்பீலி. நான் படித்த காலத்திலும் தண்ணீர் ஓடியது, குழாய் வந்தபின்தான் மண் மூடியது. புத்தளத்திலிருந்து திரும்பிவந்த பக்கத்து வளவுக் கைருன்னிசா, இடம்பெயர்ந்த காலமெல்லாம் பெட்டிக்குள் காத்த காணி உறுதியைக் கொண்டுவந்தாள். "வடக்கெல்லை கற்பீலி" என்று தெளிவாக இருந்தது. இடிக்க வந்த மேற்பார்வையாளர் கனகரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, பீலி எண்டால் பைப் தானே அம்மா, எங்கை பைப் என்று சிரித்தார். கைருன்னிசாவோ, நில்லுங்கோ தம்பி, காட்டுறம் என்று சொல்லிவிட்டு மகன்மாரோடு கிணற்றடிக்குப் போனாள். மேலே கிடந்த மண்ணை முதல்நாளே வழித்து வைத்திருந்தோம். முப்பது வாளி ஊற்றியும் மடத்துத் தொட்டிக்கு ஒரு துளி வரவில்லை, காய்ந்த கல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. கனகரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் செபமாலையை எடுத்தேன். இரண்டாம் காரணிக்கத்தின் பத்து மணியும் முடியுமுன் தொட்டிக்குள் தண்ணீர் விழுந்தது, மகளே, அறுபது வருடத்துக்குப் பின் அந்தச் சத்தம்!

வெண்டிட்டியள் அம்மா என்றார் அவர். அது போதாது தம்பி என்று அறிவித்தலில் "மதில்" என்பதை வெட்டி என் கையாலேயே "கற்பீலி" என்று எழுதினேன். வெட்டித் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டுமல்லவா, அதையும் அவரிடமே வாங்கினேன். வீதி விலகிப் போகும் என்று நேற்றுக் கந்தோர்க் கடிதம் வந்தது. அதிலும் "கற்பீலி" என்றே இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை.

பிள்ளைகளைத் தலையில் சிலுவை போடாமல் பள்ளிக்கு அனுப்பாதே. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. மறவாதே, உன் போன கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். "மதில்" என்பதை வெட்டித் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துத் திருப்பி அனுப்பு.

உன் அம்மா,
லூசியா எமிலியானுஸ்