நான்காம் முறையாக முதல் மாலை

மழை பிழையாத கூவிளநாடு வாழ்க. அதன் வயலும் வாய்க்காலும் வாழ்க. அதன் மரங்கொத்திக் கொடி, கம்பத்தில் இருக்கும் வரையிலேனும், வாழ்க.

கன்னலாற்றின் இரு கரையும் ஆளும் கோச்சேந்தராகிய யாம், உடைந்த கரையைக் கட்டுவிக்கும் பொருட்டு ஐந்து திங்களாக எல்லைப் பாசறையில் தங்கியிருந்து, தலைநகரில் பந்தணி நாயகமாய் வீற்றிருக்கும் கீரங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை இது. உமக்கும் உம் மனையார்க்கும் நலம் உண்டாகுக. உம் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக. உம் தேர்வுகளுக்கும் நலம் வேண்ட முயன்றோம், நா எழவில்லை.

வருகிற பங்குனி உத்தரத்தன்று நம் முதல் மாலையை யார் கழுத்தில் இடப்போகிறீர் என்று நீர் எழுதிய ஓலை முந்தாநாள் வந்து சேர்ந்தது. அதைப் படித்தபின் கரை வேலையை அரை நாள் நிறுத்தி வைத்தோம். மண் சுமந்தவர்கள் மன்னருக்கு உடல் நலமில்லையோ என்று அஞ்சினராம். உடல் நலமாகத்தான் இருந்தது.

அறுநாட்டுப் பந்தாட்டத்தின் முறை நீர் அறியாததன்று. ஆயினும் அறிந்தவர் போல நீர் நடந்துகொள்ளாமையால் அதை இங்கே எழுதுகிறோம். ஆறு நாட்டு அணிகளும் ஆண்டுதோறும் தம்முள் மோதிக் காலால் பந்தை உதைத்து, எதிரியின் வாயிற்கம்பங்களுக்கு இடையே செலுத்தப் பார்க்கும். ஆட்டங்கள் எல்லாம் முடிந்தபின் ஆறு நாட்டு இளைஞரும் ஆற்றுமணலில் வரிசையாய் நிற்பர். கடைசியாய் வந்த நாடு முதல் மாலையை இடும். மாலை விழுந்தவன் எந்த ஊரினன் ஆயினும், மூன்றாண்டு அந்த நாட்டின் சோற்றை உண்டு அந்த நாட்டுக்கே ஆடுவான். தோற்றவன் தேறி எழட்டும் என்று முன்னோர் காட்டிய இரக்கம் அது. அவர்களே இன்னொன்றும் வகுத்தனர். ஐந்தாண்டு தொடர்ந்து கடைசியாய் வரும் நாட்டின் கொடி இறக்கப்படும், அணி கலைக்கப்படும், அதன் ஆட்டக்காரரை மற்ற ஐவரும் பங்கிட்டுக்கொள்வர். நாம் நான்காண்டு கடைசியாய் வந்துவிட்டோம். இன்னும் ஓர் ஆண்டுதான் இருக்கிறது.

இதுவரை மூன்று முறை முதல் மாலை நம் கையில் இருந்தது. ஆறு நாட்டிலும் சிறந்தவனை முதலில் எடுத்துக்கொள் என்று ஊரே வழிவிட்டு நின்றது. நீர் எடுத்தவர்களை ஒருமுறை நினைத்துப் பாரும்.

முதலாண்டில் பூதங்குமரனை எடுத்தீர். அரண்மனைக் குளத்தை மூன்று சுற்று ஓடி, அனைவர்க்கும் முன்னே வந்தான் என்று முரசறைவித்தீர். அவன் ஓட்டத்தை யாம் இகழவில்லை. களத்தில் பந்து அவன் காலுக்கு வந்த போதும் அதே விரைவில்தான் ஓடினான். பந்து பின்னால் கிடந்தது. எதிரிகள் அதை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தனர்.

மறுவாண்டு நெடுங்காற் கொற்றன். அவன் உள்ளங்காலில் தாமரை ரேகை இருப்பதாகவும், அத்தகையோன் மண்டலம் ஆள்வான் என்று அங்கலக்கணம் கற்றோர் உரைப்பதாகவும் எழுதினீர். மண்டலம் ஆளட்டும், எமக்கு மறுப்பில்லை. உள்ளங்காலால் பந்தை மிதிக்கலாமேயன்றி உதைக்க முடியாது என்பதை அந்தக் கற்றோருள் ஒருவரேனும் உமக்குச் சொல்லவில்லையா?

சென்ற ஆண்டு நீர் செய்தது இவ்விரண்டையும் நல்ல செயல்கள் ஆக்கிவிட்டது. முதல் மாலையைக் கருநொச்சி நாட்டாரிடமே கொடுத்துவிட்டு, மாற்றாக அவர்களுடைய புகழ்பெற்ற வீரன் ஆதனழிசியைப் பெற்று வந்தீர். அவன் புகழ்பெற்ற காலத்தில் எமக்குத் தலையில் நரையில்லை. இன்று அவனது வலமுழங்கால் வானிலை சொல்கிறது. மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே வீங்குகிறது என்று கேள்வி. நாம் கொடுத்த மாலையைக் கொண்டு கருநொச்சியார் எடுத்த மூவன் என்னும் பிள்ளை, நம் வாயிலுக்குள் மட்டும் ஒன்பது முறை பந்து புகுத்தினான். அந்நாட்டு முரசறைவோர் அதன்பின் உமக்கு ஒரு கூடை வெற்றிலை அனுப்பினர் என்பதும் தெரியும். கைக்கூலி என்று யாம் ஐயுறவில்லை. கைக்கூலி வாங்குவதற்கும் கொஞ்சம் கணக்கு வேண்டும். அது அவர்கள் உண்மையாகவே உணர்ந்த நன்றி.

இவர்கள் அனைவரும் முன்னே ஓடித் தாக்குபவர். ஆண்டுதோறும் அதன்பின் இரண்டாம் மாலை, மூன்றாம் மாலை என்று நீர் எடுத்தவர்களும் அவ்வாறே. இன்று நம் அணியில் தாக்குவோர் எண்மர்; பின்னே நின்று தடுப்போர் இருவர்; வாயில் காக்க உறையன் என்னும் ஒருவன். அந்த உறையனை எண்ணும்போது மட்டும் எம் சினம் தணிந்து வேறொன்றாகிறது. சென்ற பருவத்தில் நாற்பத்திரண்டு முறை பந்து அவனைக் கடந்து சென்றது. கடக்க முயன்றது எத்தனை நூறு முறை என்பதை யாரும் எண்ணவில்லை. இடக்கையில் இரண்டு விரல் முறிந்தும் துணி சுற்றிக்கொண்டு நின்றான். கீழ்மேடையில் சுண்டல் விற்கும் பொன்னி என்பாள், கடைசி ஆட்டத்தன்று எம் இருக்கைக்குக் கேட்கும்படியே, இந்த வாசலுக்கு ஒரு கதவு போட ஊரில் தச்சனே இல்லையா என்று கேட்டாள். காவலர் அவளை அதட்டப் போயினர். யாம் தடுத்தோம். நான்காண்டில் நம் அணியைப் பற்றிச் சொல்லப்பட்ட அறிவுள்ள சொல் அது ஒன்றே.

இவற்றை முன்னரே கேட்டபோது, இப்போது விதைக்கிறோம், விளைச்சலுக்குப் பொறுத்தருள்க என்று விடை விடுத்தீர். யாம் உழவர் நாட்டை ஆள்பவர். விதைப்பவன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பான். விதையைக் கடித்துப் பார்ப்பான். நீர் எதைப் பார்த்தீர்? இளைஞரைக் குளத்தைச் சுற்றி ஓடவிடுகிறீர், தொடையை நூலால் அளக்கிறீர், பல்லை எண்ணுகிறீர். மாட்டுச் சந்தையில் கூட வாங்குபவன் ஏரில் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்ப்பான். பந்தாடுபவனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பந்து மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதும் எமக்குத் தெரியும். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் பந்தைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அரச மோதிரத்தால் முத்திரையிட்டு, அடுத்த பருவம் வரை எவர் காலும் படாமல் காப்பது நம் நாட்டு வழக்கம். மற்ற ஐந்து நாட்டிலும் இவ்வழக்கம் இல்லை. நம் பாட்டனார் ஒருவர் தம் ஆட்டக்காரர் ஓய்வெடுக்கட்டும் என்று எண்ணிச் செய்ததை, நீரும் உமக்கு முன்னிருந்தோரும் தெய்வ விதியாக்கிவிட்டீர். மாலைநாளும் அந்த ஓய்வுக்குள் வருவதால், பந்தின்றியே பந்தாட்டக்காரனைத் தேர்கிறீர். ஆற்றுமணலில் ஊர்ப்பிள்ளைகள் தேங்காய்நார்ப் பந்தை வைத்து ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். பல்லக்கை அப்பக்கம் திருப்பினால் போதும். நார்ப்பந்தைப் பார்ப்பது பதவிக்கு இழுக்கென்று நீர் திருப்பவில்லை.

ஆயினும் அந்த முத்திரையை ஆண்டுதோறும் இட்ட கை எமது கை. இதை உமக்கு எழுதுவது எமக்கு இனிமையாக இல்லை. எழுதாமல் விடுவது அதனினும் இழிவு.

இனி உம் ஓலைக்கு வருகிறோம். இம்முறை முதல் மாலையை எம் மகன் இளஞ்சேந்தன் கழுத்தில் இடத் தீர்மானித்ததாகவும், குளத்தைச் சுற்றிய ஓட்டத்தில் அவனே முதலாவதாய் வந்ததாகவும், மன்னர் உள்ளம் குளிரும் என நம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்.

எம் உள்ளம் குளிர்ந்த விதத்தைக் கேளும். எம் மகன் பந்து தன்னை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஏழு வயதில் மூடினான், பத்தொன்பதிலும் மூடுகிறான். நல்ல பிள்ளை. ஏடு வாசிப்பான், குதிரையிடம் அன்பாயிருப்பான், பொய் சொல்ல மாட்டான். இவற்றுள் ஒன்றும் மூவனைத் தடுக்காது. எம் மகன் ஏழு வயதில் இருந்தபோது ஒரு விருந்தில் யாம், இவன் ஒருநாள் மரங்கொத்திக் கொடிக்கு ஆடுவான் என்று உரக்கச் சொன்னோம். தந்தையர் விருந்தில் பேசுவது அவ்வளவுதான். பன்னிரண்டு ஆண்டாய் அந்தச் சொல்லை நீர் முடிந்து வைத்திருந்து, நாடு விளிம்பில் நிற்கும் நாளில் அவிழ்க்கிறீர்.

உம் ஓலைக்கு மறுநாள் எம் மகனின் ஓலையும் வந்தது. அவன் எழுதியதை உமக்கு அறிவிக்கிறோம். குளத்தைச் சுற்றி ஓடியபோது யாரும் தன்னை முந்தாதது கண்டு முதலில் மகிழ்ந்தானாம். மூன்றாம் சுற்று முடித்துத் திரும்பிப் பார்த்தானாம். மற்ற இளைஞர் எல்லாம் இருபது முழம் பின்னே, உம் ஆள் கைகாட்டிய இடத்தில், கைகட்டி நின்றிருந்தனராம். அந்த நேரத்தில் தனக்கு ஏற்பட்ட நாணத்தை எழுத ஏட்டில் இடமில்லை என்கிறான். படித்த எமக்கும் வலித்தது. ஒரு பிள்ளையை அவமானப்படுத்த அவனை வெல்ல வைத்தாலே போதும் என்பதை உம்மிடம் கற்றோம்.

மேலும் எழுதுகிறான். சுள்ளித்துறையில் அந்துவன் என்று ஓர் ஓடக்காரன் இருக்கிறான். வயது இருபத்துமூன்று. குள்ளன், கால் சற்று வளைவு, ஒரு காது கிழிந்தது. முன்பு ஓர் ஆண்டு உம் குளத்து ஓட்டத்தில் எட்டாவதாய் வந்தான் என்று திருப்பியனுப்பப்பட்டவன். எம் மகன் பொழுது போக்காக ஆற்றுமணலில் அவனுக்கு எதிரே பதினொரு நாள் ஆடியிருக்கிறான். பதினொரு நாளில் ஒருமுறையும் அவனைத் தாண்டிப் பந்து போகவில்லையாம். தன் பந்து மட்டுமன்று, யாருடைய பந்தும். ஒருநாள் அந்துவன் தோளால் தள்ளியதில் இளவரசன் மணலில் குப்புற விழுந்தான். விழுந்தவன் யாரென்று அந்துவனுக்கு நன்றாகத் தெரியும். தூக்கிவிட நிற்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கீரங்கண்ணனாரே, இதைவிடப் பெரிய அங்கலக்கணம் ஏது? இளவரசனுக்காகக் கால் தளர்த்தாதவன் மூவனுக்காகவா தளர்த்துவான்?

ஓலையின் முடிவில் எம் மகன் அலங்காரமில்லாமல் ஒரு வரி எழுதியிருக்கிறான். அப்பா, எனக்கு ஆட வராது, ஆனால் பார்க்க வரும். இதை மூன்று முறை படித்தோம். ஒன்பது ஆண்டாய் யாம் உணவளித்து, குடை கொடுத்து, பல்லக்குக் கொடுத்து வளர்த்த தேர்வுக்குழுவில் பார்க்க வரும் ஒருவரும் இல்லை. எம் வீட்டிலேயே ஒருவன் இருந்திருக்கிறான். அவனையும் ஆட்டக்காரனாக்கி வீணடிக்க இருந்தோம்.

ஆகவே நம் கட்டளை. இவ்வோலை கண்ட அன்றே பந்துப் பெட்டியின் முத்திரையை உடைத்துத் திறக்க வேண்டும். மாலைநாள் வரை நாள்தோறும் எல்லா இளைஞரும் பந்தோடு ஆட வேண்டும். தேர்வுக்குழுவினர் பல்லக்கை விட்டு இறங்கி மணலில் நின்று பார்க்க வேண்டும். நூலும் சாமுத்திரிக ஏடும் களத்துக்குள் வரலாகாது. முதல் மாலை இளவரசன் கழுத்துக்கன்று, இளவரசன் கைக்கு. அதை அவன் அந்துவனுக்கு இடுவான். அடுத்த மாலைகளும் அவன் சொல்லும் தடுப்போர்க்கே. அந்துவனை அழைக்க நீரே நேரில் போக வேண்டும். இதுகாறும் அவனைத் திருப்பியனுப்பியவர் ஆதலால் வழி உமக்குத் தெரிந்திருக்கும். அவன் ஓடத்தில் இருந்தால் கரை சேரும் வரை காத்திரும்.

உம்மைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் நீர் வீட்டில் அமர்ந்து, இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் விளைந்திருக்கும் என்று பேசுவீர். வரும் பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்தையும் குடையும் விசிறியும் இன்றிக் கீழ்மேடையில் பொன்னிக்கு அருகில் இருந்து பார்ப்பீராக. அவள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்வதும் உம் கடமை.

அந்துவன் வந்தும் நாம் கடைசியாய் வரலாம். வந்தால் கொடி இறங்கும். அன்று அதன் கயிற்றை யாமே பிடிப்போம், வேறெவர் மேலும் பழி போடோம். உறையனுக்கு முன்னே ஒருவனையாவது நிறுத்திவிட்டுத் தோற்றோம் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் போதும்.

பெட்டியை முத்திரையிட்ட மோதிரத்தை இவ்வோலையோடு இளவரசனுக்கு அனுப்பியுள்ளோம். உடைக்கும் உரிமை அவனுடையது. மோதிரம் கையில் இல்லாமையால் இந்த அரக்கில் எம் கட்டைவிரலைப் பதித்திருக்கிறோம். கரைமண் ஒட்டியிருந்தால் பிழை பொறுக்க. வெளியே எடுத்த பந்தில் முதல் உதை அந்துவனுடையதாகுக. இரண்டாவது உதை, ஊர் முழுதும் கூடி நின்று பார்க்க, உம்முடையதாகுக. ஒன்பது ஆண்டு பந்தணி நாயகமாய் இருந்த உம் கால் ஒரு பந்தைத் தொட்டதை இந்நாட்டில் இன்றுவரை எவரும் கண்டதில்லை.