சிவப்புப் புள்ளி வைக்கும் மேஜை

6-6-1988, திங்கள்

கங்காவின் சுண்டுவிரல் நகத்தில் சிவப்பு. கேபிளைச் சோதித்து, சரியாக இருந்தால் ஒரு புள்ளி வைக்கத்தான் கம்பெனி அந்த நெயில் பாலிஷை வாங்கித் தருகிறது. பாட்டில் செக்கிங் மேஜையை விட்டு நகராது.

படப்பை ஊரில் இருக்கும் இந்த ஷெட்டில் நான் ஒன்றரை வருஷமாக ஈயம் வைக்கிறேன்; சால்டரிங் அயனால் ஈயத்தை உருக்கிக் கேபிள் கம்பியை ஒட்டும் வேலை. அவள் வந்து மூன்று மாதம். பத்தாவது பாஸ் என்று சூப்பர்வைசர் யாக்கோபு சார் அவளை அங்கே உட்கார வைத்துவிட்டார். நான் ஏழாவதோடு நின்றவள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தால்தானே.

8-6-88, புதன்

கை ஈயத்தில், காது அந்தப் பக்கம். சார் அவளுக்குச் சொன்னது எனக்கும் புரிந்தது. இது இரண்டு கம்ப்யூட்டரைச் சேர்க்கும் கேபிள். இரு முனையிலும் குட்டிக் குட்டிக் கம்பியாக இருபத்தைந்து கால். இரண்டாம் கால் பேசும், மூன்றாம் கால் கேட்கும். அதனால் இந்த முனையின் இரண்டு அந்த முனையின் மூன்றுக்குப் போக வேண்டும்.

"வாயையும் வாயையும் சேத்துக் கட்னா எவன் கேக்குறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சோதனைப் பெட்டியின் ஊசிகளால் இரு முனையையும் தொட்டால் பெட்டி கத்த வேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்துக் காலைத் தொட வேண்டும். அப்போது கத்தக் கூடாது. கத்தினால் ஈயம் வழிந்து இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் பத்தாவது பாஸ் எங்கே வருகிறது?

13-6-88

மாசக் கடைசியில் செக்கிங்குக்கு ஒரு ஆளை நிரந்தரம் செய்யப் போகிறார்களாம். கங்காதான் என்கிறார்கள். அவள் பீற்றிக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

15-6-88

வேலை குவிந்தால் அவள் பக்கத்துக் காலைத் தொடுவதில்லை. முனைக்கு முனை மட்டும் பார்த்துவிட்டுப் புள்ளி வைக்கிறாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னாடி அம்சா, என்னையே பாத்துக்கினு கீற? நகத்துக்கு வோணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள்.

வேண்டாமென்று தலையாட்டினேன். ஆசையாகத்தான் இருந்தது.

17-6-88, வெள்ளி

என் கேபிளில் இரண்டாம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவில் ஈயம் வழிந்தது. சூட்டோடு ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இழுக்கவில்லை. முனைக்கு மேல்மூடியைப் போட்டுத் திருகிவிட்டேன். அதைக் கண்டுபிடிப்பது அவள் வேலைதானே — இல்லையா?

சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள்.

18-6-88

கேபிள் பெட்டிகளோடு வண்டி மெட்ராஸுக்குப் போய்விட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

27-6-88, திங்கள்

மெட்ராஸிலிருந்து அந்த ஒரு கேபிள் திரும்பி வந்தது. சார் எல்லோர் முன்னாலும் மூடியைக் கழற்றினார். ஈயம் வைப்பவர்கள் ஆறு பேர். யார் வைத்தது என்று தெரியாது. புள்ளி வைப்பவள் ஒருத்திதான்.

"பக்கத்துக் காலு பாக்கல சார். எம்மேலதான் தப்பு" என்றாள் கங்கா. ஈயம் வைத்தது யாரென்று அவள் கேட்கவே இல்லை.

நாளை முதல் அவளுக்கு ஈய வேலை. சார் என் பக்கம் திரும்பினார். "அம்சா, நீ போய் அங்க உக்காரு. கண்ணு வெச்சுப் பாக்குற பொண்ணு நீதான்."

தலையாட்டினேன். பாவி, நான் தலையாட்டினேன்.

28-6-88

மேஜையில் உட்கார்ந்தேன். ஒரு கேபிள் விடாமல் பக்கத்துக் காலைத் தொட்டேன். எதுவும் கத்தவில்லை. என் பழைய இடத்தில் கங்கா இரண்டு தரம் விரலைச் சுட்டுக்கொண்டாள். நகத்துச் சிவப்பைச் சுரண்டி எடுத்திருந்தாள்.

30-6-88, வியாழன்

நிரந்தரக் கடிதத்தில் என் பேரை எழுதியாயிற்று, சாயங்காலம் கையெழுத்துப் போட வா என்றார் சார்.

திரும்பி வந்த கேபிள் மேஜைக்கடியில் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மத்தியானமே அவர் அறைக்குப் போனேன்.

"இது நான் வெச்ச ஈயம் சார். வழிஞ்சது தெரியும். தெரிஞ்சேதான் மூடுனேன்."

அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே வந்து, பாலிஷ் பாட்டிலை கங்கா பக்கத்தில் வைத்தேன். அவள் கையிலிருந்த சால்டரிங் அயனை வாங்கிக்கொண்டு அடுத்த கேபிளை எடுத்தேன்.