கழற்றாத மாஸ்க்

பெங்களூர் மகளுக்கு,

தபால்காரம்மா எழுத, நான் சொல்வது. கொரோனாவில் காரிமங்கலம் சந்தையைப் பூட்டிய வருஷம் நீ மாஸ்க்கோடு வந்தாய். ஊரே கழற்றி எறிந்த பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் அதோடுதான் வருகிறாய். கேட்டால், "தூசி ஒத்துக்கலீங்கப்பா." சாப்பிடும்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாய்.

பல்லைப் பிடித்துப் பார்க்காமல், முகத்தை வைத்தே ஆட்டுக்கு வயசு சொன்னவன் நான். என்னிடமா இந்த வித்தை? பெண்ணாவதற்கு மாத்திரை சாப்பிடுகிறாய் என்று இரண்டாம் வருஷமே தெரியும். கண்ணோரம் மெத்தென்று ஆனது. மூன்றாம் வருஷம் கன்னம் உருண்டு மாஸ்க் கயிறு அதில் பதிந்தது. துணிக்கடைப் பொம்மைகூட முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறது.

இந்தப் பொங்கலுக்கு முகத்தோடு வா. கேலி பேசும் வாய்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தேன். மிச்சம் இருப்பவன் உன் மாமன் மாதப்பன். அவனுக்கோ கண் போய்விட்டது.

உன் அப்பன்