பீரோவில் பூட்டிய அட்டை

ஜூலை 2004, செவ்வாய் இரவு

கை இன்னும் வலிக்கிறது. தேவி கடித்த இடம்.

ஆறு வயசாகியும் பேச்சு வராத குழந்தை. மத்தியானம் அவள் அம்மா செல்வி, மீன் விற்கிறவள், நான் பேச்சுப் பயிற்சி தரும் கிளினிக்குக்குத் தூக்கி வந்தாள். வழக்கமாக ஃபேனைப் பார்த்துச் சிரிக்கிற பெண், இன்று சுவரில் தலையை மோதினாள்; தடுத்த என் கையைக் கடித்தாள். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சாளா செல்வி?"

"காலைலேர்ந்து குடுக்கலக்கா. கேட்டாதான் குடுக்கணும்னு நீதான சொன்னே."

சொன்னேன்தான். தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை அவள் எடுத்து நீட்டினால் டம்ளரைக் கொடு, அப்படித்தான் கேட்கப் பழகுவாள் என்றேன். நீட்டாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

"அட்டை எங்கே?"

"பீரோல வெச்சிப் பூட்டிக்கீறேன். மீன் கையி, நனஞ்சா வீணாப்பூடும். பத்திரமா வெச்சுக்கன்னு சொன்னியே."

என் பாட்டிலைத் திறந்து தேவியின் வாயில் வைத்தேன். மூச்சுக்கூட விடாமல் குடித்தாள். செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, கேக்காமலே குடுத்துட்ட? நா காலைலேர்ந்து கல்லாட்டம் இருந்தேனே!"

அட்டை எப்போதும் தேவி கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், தண்ணீரையும் சோற்றையும் மட்டும் நிறுத்தவே கூடாது என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. தலையாட்டினாள். புரிந்துதான் ஆட்டினாளா, தெரியவில்லை.

அட்டையை நீட்டினால் கொடு என்று இந்த வாரம் இன்னும் மூன்று அம்மாக்களுக்கும் இதே மாதிரி சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கிறது.