படகுப் பாட்டின் இடது கை

பட்டு வேட்டியைத் தேடிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். வாடிப்பட்டியில் தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. வேட்டிக்கு அடியில் உன்னுடைய சாம்பல் நிறக் கம்பளிக் கையுறைகள் கிடந்தன. விரல் நுனிகளை மட்டும் வெட்டி, நூல் பிரியாமல் ஓரம் மடித்துத் தைத்திருந்தாய். வந்த வேலையை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவற்றை நீ தைத்த மத்தியானம் சித்திரை வெயில் கூரையைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்க, நீ கையுறை மாட்டிக்கொண்டு கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாய். "கொடைக்கானல் குளிர்ல வெரலு மரத்துப் போகுமாம். இப்பவே பழகிக்கிறேன்" என்றாய். நெற்றியில் வேர்வை வழிந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வாடிப்பட்டிக்காரனான எனக்கு வாத்தியம் என்றால் திருவிழா மேளம்தான். விளாங்குடியில் நான் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்த பிறகும், பழங்காநத்தத்துச் சர்ச்சில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசித்த உன்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அதில் பெரிய மாற்றமில்லை. நீ வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பழைய பியானோ ஒன்று இருந்தது. தலைமை சிஸ்டரிடம் கேட்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் அலுவலக வேலை முடிந்ததும் அந்த ஹாலில் போய் வாசிப்பாய். அழைத்துப்போக வரும்போது வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிப்பேன். உள்ளே வந்து கேட்டதில்லை.

பொங்கல் முடிந்த சமயம், செல்போனை என்னிடம் நீட்டினாய். கொடைக்கானலில் கோடை விடுமுறையில் பியானோ முகாம். பெரியவர்களும் சேரலாம், பத்து நாள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், இரண்டு பாட்டு வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும்.

"ஏங்க, போட்டுப் பாக்கவா?"

"போடு. அதுக்கென்ன?"

"பத்து நாளுங்க. சோத்துக்கு என்ன பண்ணுவீக?"

"நான் என்ன பச்சப்புள்ளையா? பொங்கித் தின்னுக்குவேன்."

விண்ணப்பத்தில் 'ஏன் வர விரும்புகிறீர்கள்' என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு பக்கம் எழுதினாய், அழித்தாய், மறுபடி எழுதினாய். கடைசியில் என்னதான் எழுதினாய் என்று கேட்டேன். "ஒரு நாள் முழுக்க வேற எந்த வேலையும் இல்லாம வாசிச்சுப் பாக்கணும். அம்புட்டுத்தான் எழுதிருக்கேன்" என்றாய். அடுப்படியில் குக்கர் கூவ, அந்த ஒரு வரியோடு எழுந்து போனாய்.

வீடியோ எடுக்கத்தான் முதன்முறையாக அந்த ஹாலுக்குள் வந்தேன். கையும் முகமும் ஒருசேரத் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. ஒரு தடவை பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் கெடுத்தது. இன்னொரு தடவை ஜன்னலில் புறா. அடுத்த தடவை நீயே நிறுத்தித் திரும்பினாய்: "நீங்க மூச்சு விடுறது கேக்குதுங்க. கொஞ்சம் மெதுவா விடுங்க." மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவதாக நீ வாசித்தது படகுப் பாட்டு. இடது கை துடுப்புப் போடும், வலது கை படகில் உட்கார்ந்து பாடும் என்று விளக்கியிருந்தாய். கேட்கக் கேட்க எனக்கே தண்ணீரில் போவது போலிருந்தது. இத்தனை வருடம் வாசலில் நின்று ஹாரன் அடித்ததை நினைத்துக்கொண்டேன்.

வீடியோவை அனுப்பிய பிறகுதான் மார்பில் கட்டி இருப்பதைச் சொன்னாய். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. புற்றுநோய் என்று பரிசோதனை முடிவு வந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த வாரத்தில் முகாமிலிருந்தும் பதில் வந்தது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "எடுத்துக்கிட்டாங்களாம்" என்றாய். சந்தோஷப்படுவதா கூடாதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, "நான் போவேங்க" என்றாய்.

வலது பக்கம் அறுத்தார்கள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை, விரல்கள் வீங்கின. சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்றிப் பழகச் சொன்னார் டாக்டர். எவ்வளவு உயரம் ஏறினாய் என்று பென்சிலால் கோடு போடுவேன். நீ வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, படகுப் பாட்டின் தாளத்துக்குச் சுவரில் விரல் ஏற்றுவாய்.

ஒரு நாள் கீபோர்டில் வாசித்துவிட்டு, "எப்படிங்க கேக்குது? நெசத்தச் சொல்லுங்க" என்றாய்.

"பல்லுப் போன கெழவி பேசுற மாதிரி இருக்கு."

தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்து அப்படியே அழுதாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துவிட்டு, "எந்த எடத்துல பல்லுப் போச்சு, காட்டுங்க" என்றாய். அன்றிலிருந்து நீ வாசிக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான். எந்த இடத்தில் சத்தம் அமுங்குகிறது, எந்த விரல் பின்தங்குகிறது என்று என் காதுக்கும் மெல்லப் பிடிபட்டது.

அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன்னால் போய்வரட்டும் என்று டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். ஐந்தாறு நாள் போயிருக்கும், போன் செய்தாய். கை மறுபடி வீங்கிவிட்டது. வலது கையால் வாசிக்கவே கூடாது, கடைசி நாள் கச்சேரியில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்று அங்கிருந்த ஆசிரியை சொல்லிவிட்டார்.

"கெளம்பி வாரேன். வீட்டுக்குப் போயிருவோம்" என்றேன்.

"வேணாங்க. எடது கை நல்லாத்தான இருக்கு? காலையில அத மட்டும் வச்சு உக்காந்தேன். மணி அடிச்சப்பத்தான் சோத்து ஞாபகமே வந்துச்சு. யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலைங்க." உன் குரலில் அப்படியொரு நிறைவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கச்சேரி நாளில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். கச்சேரிக்கென்று மலையேறி வந்திருந்த நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். நீ மேடையேறி, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, "படகு மட்டும் வருது. பாடுறவருக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். சிலர் சிரித்தார்கள். அப்புறம் இடது கையால் மட்டும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாய். அவசரமே இல்லை. பாட்டு வர வேண்டிய இடங்களில் அதற்கு வழிவிட்டுக் காத்திருந்தாய். அந்தப் பாட்டைத் தினமும் கேட்டுப் பழகிய ஆள் அந்தச் சபையில் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு என்ன கேட்டதோ தெரியாது. எனக்கு வலது கையும் கேட்டது.

மலையிறங்கும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அடுத்த வருசம் ரெண்டு கையோட வருவேன்" என்றாய். "வருவோம்" என்றேன். அடுத்த வருடத்துக்குள் நோய் எலும்புக்குப் பரவிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி, குளுக்கோஸ் எல்லாமே இடது கையில்தான். அறுத்த பக்கத்தில் குத்தக் கூடாதாம். அந்த இடது கை கறுத்துப் போனது. கட்டிலோரம் உட்கார்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருப்பேன். கடைசி வாரத்தில் உன் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு மத்தியானம் என் முன்கையில் உன் விரல்கள் மெல்ல அசைந்தன. வலியில் துடிக்கிறாயோ என்று நர்ஸைக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகுதான் புரிந்தது. துடுப்புத்தான். கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். எனக்குத் தெரிந்த மாதிரி வலது கை வாசிக்கும் மேல்பாட்டைத் தொண்டைக்குள் முனகினேன். சுருதி எங்கேயோ போயிருக்கும். நீ கண்ணைத் திறக்கவில்லை. பல்லுப் போன இடம் வந்ததும் உன் உதட்டோரம் லேசாக இழுபட்டது. அதைச் சிரிப்பு என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதும் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும்போது என்னையறியாமல் அந்தப் பாட்டு வாயில் வந்துவிடுகிறது. போன வாரம் பம்புக்கு வாஷர் வாங்க வந்தவர் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன பாட்டுண்ணே அது? நல்லாருக்கே."

"எங்க வீட்ல வாசிக்கிறது" என்றேன்.

வாசித்தது என்று திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.