வாடிப்பட்டிப் பிள்ளை

வில்லாபுரம், மதுரை
20-11-1949

அன்புள்ள தம்பி சுருளிக்கு,

அக்கா தங்கப்பொண்ணு ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் மகள் மாயக்காளும் சுகம். மாத்தளையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை.

மாயாவுக்கு அம்மைத் தழும்பு மங்கிவிட்டது. அவள் தாயின் கருமாதிக்கு நீங்கள் இருவரும் இங்கு வந்த இடத்தில் அவளுக்கு அம்மை கண்டது. அம்மை போட்ட பிள்ளையை மண்டபம் முகாமில் சோதித்துக் கப்பலேற விடமாட்டார்கள் என்று நீ மட்டும் வேலைக்குத் திரும்பினாய். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அனுப்பிவிடலாம் என்றிருந்தோம். அதற்குள், அனுமதி இல்லாத வெளிநாட்டார் இலங்கைக்குள் நுழையக் கூடாது என்று புதுச் சட்டம் வந்துவிட்டது.

நீ எழுதியபடி சான்று வாங்க நம் ஊர் வாடிப்பட்டிக்குப் போனோம். பேயாண்டி சித்தப்பாதான் இப்போது கிராம முன்சீப். உனக்குக் கிடைக்கவிருக்கும் இலங்கைப் பிரஜா உரிமை மகளுக்கும் சேர வேண்டுமானால், அவள் இங்கே குடியிருந்தவள் அல்ல, அங்கே உன்னோடு வளர்ந்தவள் என்று எழுத வேண்டும் என விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். வாங்கிப் படித்தேன்: "மேற்படி மாயக்காள் பரம்பரையாக இவ்வூர்ப் பிள்ளை. என்றும் எங்களைச் சேர்ந்தவள்."

மாற்றித் தரும்படி கெஞ்சினேன். "ஏத்தா, நீ காலேசு படிச்சவ. ஊர்க் கட்டுப்பாட்ட மீறுனவனத்தான் 'இந்த ஊரு ஆளில்ல'ன்னு தள்ளி வைப்போம். தாயில்லாப் பிள்ளைக்கு அதையா எழுதச் சொல்ற? நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவுக எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். இந்தப் பிரியத்தோடு எப்படி வழக்காடுவது?

மாயா அவர் காலில் விழுந்து திருநீறு பூசிக்கொண்டாள். பஸ்ஸில், "தாத்தா எம்புட்டு நல்லா எழுதியிருக்காரு! இதக் காட்டுனா அப்பாகிட்ட விட்ருவாங்கல்ல, அத்தை?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தாளை அனுப்பினால் உள்ள வழியும் அடைபடும். கிழிக்கவும் கை வரவில்லை. அங்கே அவள் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமாவது, அவள் அங்கே வளர்ந்தவள் என்று ஒரு சான்று கேட்டுப் பார், தம்பி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் துணிகள் இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. அலமாரியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். எடுத்து வை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. எப்போது வரலாம் என்பதை மட்டும் எழுதாதே.

மீனாட்சி உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும். எந்தக் கரையில் என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

உன் அக்கா,
தங்கப்பொண்ணு